கவ்வாத்து மலையின் கொள்ளைக்காரர்கள்

இலங்கையின் மஸ்கெலியா, சாமிமலை, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் "குளவி" என்று கத்தினால் போதும், நிரையில் நிற்பவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஓடத்தான் வேண்டும். குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட செய்தி மலையகத்தில் அடிக்கடி வருவது. உயிர் போனதும் உண்டு. செய்தியில் குளவி என்று சொல்லப்படுவது பல சமயம் மரக்கிளையிலும் பாறையிலும் தொங்கும் பெரிய மலைத்தேனீயாக இருக்கும். குளவியோ தேனீயோ, கூடு கலைந்துவிட்டால் கூட்டமாகத் துரத்தி வரும்.

அதே மலையில், கவ்வாத்து வெட்டி முடிந்த பகுதியில், காய்ந்த கம்பின் நுனியில் வேறொரு பூச்சி தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும். நீண்ட உடல், நுனி நோக்கி ஒடுங்கும் வயிறு, சிலவற்றில் மஞ்சளும் கறுப்புமான வரிகள், முகத்தில் முரட்டு மயிர். எழும்பிப் பறந்தால் குளவியின் இரைச்சல்தான் கேட்கும். ஆனால் இதற்குக் கூடு கிடையாது, கூட்டம் கிடையாது, கொடுக்கும் கிடையாது. இது ஈ வகையைச் சேர்ந்தது. பறந்து போகிற பூச்சியை வழிமறித்துப் பிடித்துச் சாறு உறிஞ்சும் பழக்கத்தால் கொள்ளைக்கார ஈ என்று பெயர்.

அசிலிடே என்ற இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய். ஆண்டு 1802. இன்று உலகம் முழுவதும் 7,000க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. சில மில்லிமீட்டர் நீளமுள்ளவையும் உண்டு, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுபவையும் உண்டு. வெயிலும் வறட்சியும் உள்ள நாடுகளில்தான் இவற்றின் வகைகள் அதிகம். மழையும் பனிமூட்டமும் மாறிமாறி வரும் மஸ்கெலியாவில், வெயில் விழும் சில மணி நேரமே இவற்றின் வேட்டை நேரம்.

ஈ என்று எப்படி அறிவது

முதலில் சிறகை எண்ண வேண்டும். குளவிக்கும் தேனீக்கும் நான்கு சிறகுகள். ஈக்கு இரண்டு. பின்சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் நுனி தடித்த இரண்டு சிறு தண்டுகள் மட்டும் இருக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து திருத்துவது அவற்றின் வேலை. உட்கார்ந்திருக்கும் பூச்சியில் சிறகை எண்ணுவது சுலபமல்ல. அப்போது இடையைப் பார்க்கலாம். குளவிக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நூல்போல் ஒடுங்கிய இடை உண்டு, கொள்ளைக்கார ஈக்கு அது இல்லை.

ஈ என்று உறுதியானதும் முகத்துக்கு நேரே வந்து பார்க்க வேண்டும். இரண்டு கூட்டுக்கண்களும் தலையின் உச்சியைவிட மேலே எழும்பி நிற்கும். அவற்றுக்கு நடுவே உச்சி பள்ளமாக இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் சிறு மேடு, அதன்மேல் மூன்று தனிக்கண்கள். மாட்டைக் கடிக்கும் ஈக்கும் பூவில் மொய்க்கும் ஈக்கும் இப்படிப்பட்ட பள்ளம் இராது. இந்த ஒரு அடையாளத்தோடு, கண்களுக்குக் கீழே வாய்க்கு மேல் விறைப்பாக நிற்கும் மீசையும் இருந்தால் குடும்பம் ஏறக்குறைய உறுதி. பிடிபட்ட தேனீ காலை உதைத்துச் சிறகை அடிக்கும்போது முகத்துக்கு அடி படாமல் காப்பது அந்த மீசைதான். அதன் கீழிருந்து கெட்டியான, கூர்மையான ஒரு உறிஞ்சுகுழல் முன்னே நீட்டியிருக்கும். கால்கள் உடலின் அளவுக்கு மீறி வலுவானவை, முள் நிறைந்தவை. இரையை அணைத்துப் பிடிக்கும் கூண்டாக ஆறும் ஒன்றாக மடங்கும்.

கையால் பிடிக்காதவரை இது மனிதரைக் குத்துவதில்லை. பிடித்தால் அந்தக் குழலாலேயே குத்தும், நன்றாக வலிக்கும். தனியாகக் கம்பில் உட்கார்ந்து தலையை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்டு நிரையை விட்டு ஓட வேண்டியதில்லை. கூட்டமாக ஒரே இடத்துக்குப் போய்வரும் பூச்சிகளைக் கண்டால் நின்று சிறகை எண்ணிக்கொண்டிருக்கவும் கூடாது.

குடும்பத்திலிருந்து பேரினம் வரை

குடும்பத்தை வெறுங்கண்ணால் சொல்லலாம். அடுத்த படிக்கு நல்ல புகைப்படமோ கைவில்லையோ வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று: உணர்கொம்பு, சிறகு நரம்பு, பாதம்.

உணர்கொம்பின் நுனியில் இழை ஒன்று இருக்கும். அது ஒரு பக்கம் சீப்புப் பற்களாகக் கிளைத்திருந்தால் ஓமேட்டியஸும் அதன் உறவினங்களும். கிளையில்லாத வெறும் இழையாக இருந்தால் அசிலஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அந்தக் கூட்டத்திலும் சிறகின் முன்விளிம்பை அடுத்து, நுனிப்பக்கத்து நரம்புகள் பிரித்துக் காட்டும் அறைகள் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் புரோமேக்கஸ் என்ற பெரிய உடல்காரர்களின் பக்கம் போகலாம். பாதத்தில் இரு நகங்களுக்குக் கீழே மெத்தைபோன்ற திண்டுகள் இல்லாமல், உடலும் குச்சியாக மெலிந்திருந்தால் லெப்டோகாஸ்டர் கூட்டம். உடல் பருத்து, மயிர் அடர்ந்து, தேனீயோ என்று தோன்றினால் லாஃப்ரியா கூட்டம். தென்னிந்தியாவில் உள்ள ஹைப்பரெக்கியா சைலோகோபிஃபார்மிஸ் இந்த வேடத்தின் உச்சம். மரத்தைத் துளைக்கும் கருந்தேனீயை அச்சு அசலாக ஒத்திருக்கும். அதன் இனப்பெயரே அந்தத் தேனீயின் உருவம் கொண்டது என்று சொல்கிறது.

உட்காரும் இடமும் அடையாளத்தில் பாதி. லெப்டோகாஸ்டர் கூட்டத்தைப் புல்லுக்குள் தேட வேண்டும். தோட்டத்தின் தொங்கலில் மானாப் புல் வளர்ந்த சரிவுகளில், புல்லுக்கு நடுவே மெதுவாக மிதந்து, உட்கார்ந்திருக்கும் சிறு பூச்சியையும் சிலந்தியையும் தாளிலிருந்தே கவர்ந்துகொள்ளும். ஓமேட்டியஸ் மெல்லிய குச்சிகளின் நுனியை விரும்பும். கவ்வாத்து வெட்டிய மலை அதற்கு வாய்ப்பான இடம். கொழுந்து மட்டம் கழிந்து, வெயில் உள்ளே இறங்கி, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்டுண்ட கம்பு நுனிகள். புரோமேக்கஸ் வெட்டவெளிக்காரர், பாதையோரத்தையும் வெயில் நேராக விழும் செடிகளையும் விடுவதில்லை. லாஃப்ரியா கூட்டத்தை விழுந்து கிடக்கும் மரக்கட்டையிலும் பட்டை உரிந்த அடிமரத்திலும் பார்க்கலாம். ஸ்டிக்கோபோகன் சாம்பல் நிறச் சிறு ஈ. ஆற்றோர மணலிலும் கூழாங்கல்லிலும் தரையோடு தரையாக உட்காரும். வறட்சியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, 1960களின் இறுதியில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலைப் பார்க்கச் சனம் கூடும்போது, அதே கரையின் மணலிலும் ஒரு கண் வைப்பது நல்லது.

வெயிலைப் பொறுத்தும் இடம் மாறும். காலையில் குளிர் விட்டுப்போகாதபோது கல்லிலோ வெறுந்தரையிலோ படிந்து, சூரியனுக்குப் பக்கவாட்டாக உடலைத் திருப்பிக்கொள்ளும். உச்சிவெயிலில் கம்பின் உயரத்துக்கு ஏறும், அல்லது நிழல் பக்கம் போகும். முகில் மூடினால் செடிக்குள் மறைந்துவிடும். காலை ஒன்பது மணிக்குத் தரையில் பார்த்ததையும் பன்னிரண்டு மணிக்குக் கம்பில் பார்த்ததையும் இரண்டு வேறு வகை என்று எழுதிவிடக் கூடாது.

பெயர் நின்றுவிடும் இடம்

பேரினம் வரை வந்தவர் அடுத்து இனத்தின் பெயரைக் கேட்பார். பெரும்பாலும் புகைப்படம் இங்கேதான் கைவிடும். ஒரே பேரினத்தின் இரண்டு இனங்கள் நிறத்திலும் அளவிலும் ஒன்றாக இருக்கலாம். வேறுபாடு ஆண் ஈயின் வயிற்று நுனியில், கலவியின்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகளின் வடிவத்தில் இருக்கும். அதைப் பார்க்க ஈயை ஊசியில் குத்தி, நுனியைப் பதப்படுத்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க வேண்டும். பிறகு அதை முதலில் விவரித்தவரின் நூலோடும், முடிந்தால் அவர் பார்த்த அதே மாதிரியோடும் ஒப்பிட வேண்டும்.

அந்த நூல்களும் மாதிரிகளும் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் கப்பலில் அனுப்பிய பூச்சிகளுக்கு ஃபப்ரீசியஸ் பெயர் வைத்தார். 1850களின் பிற்பகுதியில் லண்டனில் இருந்த ஃபிரான்சிஸ் வாக்கர் இலங்கையிலிருந்து வந்த பூச்சிகளைத் தொடர் கட்டுரைகளாக விவரித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெர்ட்ரூட் ரிக்கார்டோ என்ற பெண்மணி, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கொள்ளைக்கார ஈக்களை வரிசைப்படுத்தினார். 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இலங்கையில் சேகரித்தது. 1970களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் கார்ல் குரோம்பைன் தலைமையில் பெரிய பூச்சித் திட்டமொன்றை இங்கே நடத்தியது. ஜோசப், பருயி என்ற இருவர் 1983இல் கீழைத்தேய இனங்களை மீளாய்வு செய்தார்கள். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் நூலாக இவர்களுடைய தொகுதி 1998இல் வந்தது.

இவ்வளவு உழைப்பும் பெயருக்கானது. ஊசியில் நிற்கும் ஈயின் கீழே சிறு காகிதத் துண்டு இருக்கும். அதில் ஊர், தேதி, பிடித்தவர் பெயர். என்ன தின்றுகொண்டிருந்தது என்பது பெரும்பாலும் இராது. வலையை வீசியவர் ஈயைத்தான் தேடினார். அதன் வாயிலிருந்த இரை வலைக்குள் நழுவி விழுந்திருக்கும்.

அரை விநாடி வேட்டை

கம்பில் உட்கார்ந்திருப்பதைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால், ஓய்வெடுப்பதுபோல் தோன்றும் ஈ ஓயாமல் வேலை செய்வது தெரியும். மேலே எது பறந்தாலும் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். பல தடவை திரும்புவதோடு சரி. ஒரு தடவை கம்பு காலியாகும். கண் இமைத்துப் பார்க்கையில் அதே நுனியில் திரும்பி உட்கார்ந்திருக்கும், காலுக்கிடையில் ஒரு தேனீ.

அந்த இடைவெளியில் நடப்பதை 2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேகப்படக் கருவிகளால் படமெடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஹோல்கோசெஃபாலா ஃபஸ்கா. நீளம் வெறும் ஆறு மில்லிமீட்டர். தூண்டில் நரம்பில் கோத்த சிறு மணிகளை அதன்மேல் இழுத்துவிட்டு, பின்தொடர்வதைப் பதிவு செய்தார்கள். அதன் கண்ணின் நடுவிலுள்ள வில்லைகள் ஓரத்திலுள்ளவற்றைவிட மிகப் பெரியவை. அந்தப் பகுதியின் கூர்மை சுமார் 0.28 பாகை. பழ ஈயினுடையது சுமார் ஐந்து பாகை. இரை இப்போது இருக்கும் இடத்துக்கு அது பறப்பதில்லை. இரை தன் பார்வையில் எப்போதும் ஒரே திசையில் தெரியும்படி வழியை அமைத்துக்கொள்கிறது. திசை மாறாமல் நெருங்கிவரும் கப்பல் மோதப் போகிறது என்று மாலுமிகளுக்குத் தெரியும். ஈ அந்த மோதலைத்தான் தேடிப் போகிறது. இரைக்கு 29 சென்டிமீட்டர் அளவில் நெருங்கியதும் வழியை வளைத்து, வேகத்தைக் குறைத்து, இரையின் வேகத்துக்கு இணையாகப் பின்னாலிருந்து பற்றிக்கொள்கிறது. எல்லாம் அரை விநாடி அளவில் முடிந்துவிடும்.

பற்றியதும் குழல் மென்மையான இடத்தைத் தேடும். தேனீயானால் தலைக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட கழுத்து. வண்டானால் பறப்பதற்காக மேலோடு விரிந்திருக்கும்போது வெளிப்படும் முதுகு. உட்கார்ந்திருக்கும் வண்டின் ஓடு குழலுக்கு இலகுவில் இடம் கொடாது, அதே வண்டு பறக்கும்போது திறந்துகொடுக்கிறது. குழல் வழியே இறங்கும் உமிழ்நீர் இரையை முடக்கும், உள்ளே உள்ளதைக் கரைக்கும். இரண்டு ஐரோப்பிய இனங்களின் நஞ்சைப் பிரித்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, நரம்பைத் தாக்கும் சிறு புரதம் ஒன்று அதில் இருப்பதைத் தேனீயின் நரம்புக் கலங்களில் சோதித்துக் காட்டியது. கரைந்த சாற்றை உறிஞ்சி முடிக்கச் சில நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பிறகு வெறும் சக்கை கம்பின் அடியில் விழும். அந்தச் சக்கையில் சிறகும் தலையும் அப்படியே இருப்பதால், என்ன பூச்சி என்று பிறகும் சொல்ல முடியும்.

நண்பனா, பகைவனா

கொள்ளைக்கார ஈ புழு பூச்சியைத் தின்கிறது, ஆகவே விவசாயிக்கு நண்பன் என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மை. பெரும்பாலான இனங்கள் அளவுக்கு ஏற்ற எதையும் பிடிக்கும். ஈ, வண்டு, வெட்டுக்கிளி, ஈசல், தேனீ, பயிரின் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி, தன் இனத்தையே சேர்ந்த இன்னொன்று எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் உள்ள மல்லோஃபோரா ரூஃபிகௌடா இதற்கு நல்ல சாட்சி. வளர்ந்த ஈ தேனீக்களைக் கொல்வதால் தேனீ வளர்ப்பவர்களுக்கு அது பெரும் தொல்லை. பெண் ஈ உயரமான செடியிலும் வேலிக் கம்பியிலும் முட்டையிடும். பொரிந்த குடம்பி காற்றில் விழுந்து, மண்ணுக்குள் இறங்கி, பயிர் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஒட்டி வாழும். தேனீக்காரருக்குப் பகை, பயிர்க்காரருக்கு உறவு. ஒரே பூச்சி, வாழ்வின் இரண்டு பருவம்.

தேயிலைத் தோட்டத்தில் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற கணக்குத் தெரியாமல் போனால் என்னவாகும் என்பதற்கு மலையகத்திலேயே பாடம் உண்டு. இலையைச் சுருட்டும் புழுவுக்கு எதிராக 1935–36இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது பரவி, புழுவை அடக்கிவைத்தது. பிறகு, தேயிலைக் கம்பைத் துளைக்கும் சிறு வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். வண்டுக்கென்று தெளித்த மருந்து குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த சுருட்டுப் புழு மறுபடி பெருகியது. தலவாக்கலை சென்கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் கண்கூடாகக் கண்ட பாடம் இது.

கொள்ளைக்கார ஈயையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டுமானால் ஊகம் போதாது. சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சி இருட்டில் பறப்பது, ஈ வெயிலில் வேட்டையாடுவது. ஆகவே ஈ அந்துப்பூச்சியைக் குறைக்கிறது என்று எழுதும் கை தயங்க வேண்டும். கம்பைத் துளைக்கும் வண்டோ பகலில் பறக்கும், நீளம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். ஓமேட்டியஸ் அளவுள்ள சிறு ஈக்கு அது பொருந்தும் இரை. பிடிக்கிறதா என்பதைக் கம்பின் அடியில் விழும் சக்கைதான் சொல்ல வேண்டும்.

வளர்ந்த ஈயின் வேட்டை கண்ணுக்குத் தெரிகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியோ மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்துக்குள்ளும் குடம்பியாகக் கழிகிறது, அங்கும் அது வண்டின் புழுக்களைத் தேடும் இரைகௌவிதான். பல இனங்களுக்கு ஒரு தலைமுறை முடிய ஒரு வருடம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று. கடைசியில் கூட்டுப்புழு முட்களால் உந்தி மண்ணுக்கு மேலே பாதி வந்து நிற்கும், ஈ கிளம்பிய பின் வெற்றுத்தோல் அங்கேயே இருக்கும். விழுந்த மரத்தையெல்லாம் விறகாக்கினால் லாஃப்ரியா கூட்டத்துக்குப் பிறப்பிடம் போய்விடும். மண்ணில் ஊற்றும் பூச்சிமருந்து வெள்ளைப் புழுவோடு அதைத் தின்னும் குடம்பியையும் தொடும்.

மலையிலிருந்து எழுத வேண்டியது

ஆக்ஸ்போர்ட் பேராசிரியர் எட்வர்ட் போல்ட்டன் 1906இல் இரைகௌவிப் பூச்சிகளும் அவற்றின் இரையும் என்ற நீண்ட கட்டுரையை வெளியிட்டார். பிடித்த பூச்சியை அதன் வாயிலிருந்த இரையோடு சேர்த்து அனுப்பும்படி அவர் பல நாடுகளிலிருந்தும் கேட்டு வாங்கிச் சேர்த்த சான்றுகள் அதில் இருந்தன. அனுப்பியவர்களில் பலர் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர். இலங்கையிலும் எட்வர்ட் ஏர்னெஸ்ட் கிரீன் முதலில் தோட்டக்காரராக இருந்தவர். பூண்டுலோயாவில் அவர் சேர்த்த பூச்சிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் அந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பின்னாளில் அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனார்.

கிரீனுக்குப் பங்களாவும் ஓய்வும் இருந்தன. தேயிலைச் செடியின் மேல்மட்டத்தை நாள் முழுக்கப் பார்க்கும் கண் கொழுந்து பறிப்பவருடையது. கவ்வாத்துக் கம்பைக் கையால் தொடுபவர் கவ்வாத்துக்காரர். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கெமராவுள்ள போன் இருக்கிறது.

கண்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நேர்முகத்தில் ஒரு படம், பள்ளமும் மீசையும் உணர்கொம்பும் தெரியட்டும். பக்கவாட்டில் ஒரு படம், கால்களுக்கும் வயிற்று நுனிக்கும். மேலிருந்து ஒரு படம், சிறகு நரம்புக்கு. இரையோடு இருந்தால் இரையை நெருக்கமாக ஒரு படம். உட்கார்ந்த இடம், தரையிலிருந்து உயரம், வெயிலா முகிலா, நேரம், தேதி, தோட்டம், மலை நம்பர். ஈ பறந்த பின் கம்பின் அடியில் சக்கை கிடந்தால் காகிதத்தில் மடித்து, அதே தேதியை அதன்மேல் எழுத வேண்டும். ஈயை வலையில் பிடிக்க நினைப்பவர் ஓர் எல்லையை மறக்கக் கூடாது. நல்லதண்ணிக்கு மேலே சிவனொளிபாதமலைக் காடு பாதுகாக்கப்பட்ட பிரதேசம், அனுமதியில்லாமல் அங்கே எந்தப் பூச்சியையும் சேகரிக்க முடியாது.

இனத்தின் பெயர் ஒருநாள் நுணுக்குக்காட்டியின் கீழ் முடிவாகும். அந்தப் பெயருக்குரிய ஈ மஸ்கெலியாவில் எந்த மாதம் எங்கே உட்கார்ந்து எதைத் தின்கிறது என்பதை நுணுக்குக்காட்டியால் சொல்ல முடியாது. கம்பைக் கடந்து போகிறவர் எழுதிவைத்தால்தான் உண்டு.